பெயரில்லாமல் சுற்றும் படங்கள்

ஏதோ ஒரு தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று நான்கைந்து ஆண்டுகளாக என் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கிறது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், காலடியில் பால் வாளிகள், ஓரத்தில் தொப்பி வைத்த கிராணி. ஒருவர் அனுப்பும்போது அது சிரம்பான் பக்கத்துக் கோலா சாவா தோட்டம். இன்னொருவர் அனுப்பும்போது கெடா. ஒரு தடவை இலங்கை என்ற குறிப்போடும் வந்தது. எடுத்தவர் யார், எந்த வருடம், நிற்பவர்கள் யாருடைய பாட்டிமார் என்று அனுப்பிய ஒருவருக்கும் தெரியாது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றே: "குரூப்பில் வந்தது."

பிறர் எடுத்த படத்தையும் எழுதிய கட்டுரையையும் இணையத்தில் மறுபடி போடுவது பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே சினிமாப் பாட்டு, திருட்டு வட்டு, அபராதம் என்று போய்விடுகிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். மற்ற யாரையும்விட நமக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் எண்ணம். ரந்தாவ், சிலியாவ், லின்சம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் தாமான் எழுந்தது. லயங்கள் இடிந்தபின், அங்கே ஒரு சமூகம் பிறந்து வளர்ந்து செத்தது என்பதற்குச் சாட்சியாக மிஞ்சியவை அலமாரிப் படங்களும் கோயில் திருவிழா மலர்களும் பள்ளி மலர்களும் பத்திரிகை நறுக்குகளுமே. யாரிடமிருந்து வந்தது என்ற தடம் அறுந்தால் படம் சாட்சி சொல்லாது, வெறும் அலங்காரமாகிவிடும். அனுமதி கேட்கும் பழக்கம் இருக்கும் இடத்தில் அந்தத் தடம் அறுவதில்லை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நம் நாட்டுப் பேச்சிலும் பத்திரிகைகளிலும் 'காப்புரிமை' என்ற சொல் எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. புதிதாகக் கண்டுபிடித்த இயந்திரத்துக்கோ மருந்துக்கோ அரசிடம் விண்ணப்பித்துப் பெறுவது காப்புரிமை. எழுத்து, படம், பாட்டு ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் "பதிவு செய்திருக்கிறீர்களா?" என்ற தவறான கேள்வி பிறக்கிறது. மலேசியாவில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 1987 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதி முடித்த கணத்திலேயே, படம் பிடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. கலைத்தரம் இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. தீமிதியன்று கூட்டத்தில் கைநீட்டி எடுத்த மங்கலான கைப்பேசிப் படத்துக்கும் உரிமை உண்டு. 2012 முதல், விரும்புகிறவர்கள் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் அறிவிப்புக் கொடுத்து வைக்கலாம். வழக்கு வந்தால் சான்றாக அது உதவும், அவ்வளவே. 1990இல் மலேசியா பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் சென்னையில் எடுத்த படத்துக்கும் யாழ்ப்பாணத்தில் எழுதிய கட்டுரைக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. நம்முடையவற்றுக்கு அங்கேயும் உண்டு.

ஒரு பழைய படத்தில் மூன்று பேருடைய உரிமை கலந்து கிடக்கிறது. அச்சுத் தாளை வைத்திருப்பவர் ஒருவர். பதிப்புரிமை உள்ளவர் இன்னொருவர். படத்துக்குள் நிற்பவர் மூன்றாமவர். நம் ஊரில் முதலாமவரைக் கேட்டாலே போதும் என்று நினைக்கிறோம். "பெரியம்மா வீட்டில் இருந்தது, பெரியம்மாவைக் கேட்டுத்தான் எடுத்தேன்" என்பார்கள். பெரியம்மாவிடம் இருப்பது தாள். புத்தகம் வாங்கியவர் அந்தப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்ய முடியாதது போலத்தான் இதுவும்.

இரண்டாமவர் விஷயம் நம் நாட்டில் சற்று வித்தியாசமானது. படம் எடுத்தவருக்கே உரிமை என்று பலரும் நம்புகிறார்கள். சட்டத்தின் 26ஆம் பிரிவு வேறு விதமாகப் போகிறது. ஒருவர் சொல்லி, அவருக்காக ஒரு படைப்பு உருவாக்கப்பட்டால், வேறு உடன்பாடு இல்லாத வரை உரிமை சொன்னவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தால் முதலாளிக்குப் போகும். கலியாணத்துக்கு ஸ்டூடியோக்காரரை வரவழைத்துக் கூலி கொடுத்தவர் அந்தப் படங்களுக்கு உரியவர். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தில் இதே வழியில்தான் போகிறது. ஆனால் 25ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. பொருளாதார உரிமை கை மாறினாலும் படைத்தவரின் பெயரை மறைக்கக் கூடாது, படைப்பைச் சிதைத்து அவர் மதிப்பைக் குலைக்கக் கூடாது. உரிமை உங்களிடம் இருந்தாலும் பெயர் அவருடையது. மூலையில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதை வெட்டிவிட்டுப் போடுவது நம்மிடையே சர்வ சாதாரணமாக நடக்கிறது. அப்படி வெட்டுவது, பத்திரத்திலிருந்து எழுதியவர் கையெழுத்தைச் சுரண்டி எடுப்பதற்குச் சமம்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் கூடும் ஒன்றுகூடலுக்காகச் சிறு மலர் ஒன்று தயாரித்தோம். அறுபதுகளில் எடுத்த ஒரு குழுப்படத்தை, வைத்திருந்த குடும்பத்திடம் கேட்டு வாங்கி, அவர்களுக்கு நன்றி போட்டு அச்சிட்டோம், இணையத்திலும் ஏற்றினோம். இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, அது எங்கப்பா எடுத்த படம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. தவறு எங்களுடையது. மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். நெகட்டிவ்கள், கூடவே நீளமான கணக்குப் புத்தகம். அதில் தேதி, எந்தத் தோட்டம், எத்தனை பிரதி, யாருக்குப் பாக்கி. எங்கள் படத்துக்கு நேராக, இடமிருந்து வலமாகப் பதினான்கு பெயர்கள். மலரில் 'பெயர் தெரியவில்லை' என்று நாங்கள் போட்ட ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள். அனுமதி கேட்டிருந்தால் அச்சுக்கு முன்பே அந்தப் பெட்டி திறந்திருக்கும்.

அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது தோட்ட நிர்வாகம் என்றும் கணக்கில் இருந்தது. அப்படியானால் இன்றைய சட்டப்படி உரிமை படம் எடுத்தவருக்குக் கூட இல்லை, நிர்வாகத்துக்கு. நிர்வாகமோ கைமாறிக் கைமாறி வேறொரு கம்பெனியின் வயிற்றில் கிடக்கிறது. உரியவர் இருக்கிறார், ஆனால் அவருக்கே தெரியாது. இந்த மாதிரி, உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும் படைப்புகளை அநாதைப் படைப்புகள் என்கிறார்கள். பிரிட்டன் 2014 முதல், உரியவரைத் தேடிக் களைத்தவர்களுக்கு அரசு அலுவலகமே உரிமம் கொடுக்க வழி செய்தது. இந்தியச் சட்டத்தின் 31ஏ பிரிவு, ஆசிரியர் இறந்தோ கண்டுபிடிக்க முடியாமலோ போன படைப்புகளுக்குக் கட்டாய உரிமம் கேட்க இடம் தருகிறது. நம் நாட்டுக்கும், குறிப்பாகத் தோட்டங்கள் கலைந்த சமூகத்துக்கு, இப்படி ஒரு எளிய வழி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை தேடியதற்கான தடயத்தை வைத்துக்கொள்வதே நாம் செய்யக் கூடியது: யாருக்கு எழுதினோம், எப்போது, என்ன பதில்.

இதைவிடப் பழைய படங்களில் சிக்கல் குறைவு, வலி அதிகம். சிங்கப்பூரில் கடை வைத்திருந்த லாம்பெர்ட் கம்பெனி, 1907 வாக்கில் மலாயா தீபகற்பத்தைப் பற்றிப் பெரிய படத்தொகுப்பு வெளியிட்ட கிளைங்குரோத்தே ஆகியோர் காலத்துப் படங்களும் அஞ்சலட்டைகளும் இன்று பொதுவுடைமை. யாரும் பயன்படுத்தலாம். காப்பகங்கள் அவற்றை வருடி எடுத்து 'உரிமை எங்களுக்கு' என்று முத்திரை குத்துவது தனி வாதம். அமெரிக்காவில் 1999இல் பிரிட்ஜ்மன் நூலகம் தொடுத்த வழக்கில், பழைய ஓவியத்தை அப்படியே படம்பிடித்துக் கொண்டதால் மட்டும் புதிய பதிப்புரிமை பிறக்காது என்று நீதிமன்றம் சொன்னது. என் மனம் அடங்காத இடம் வேறு. அந்தப் படங்களில் துரையின் கம்பெனி பெயர் இருக்கிறது, எடுத்தவர் பெயர் இருக்கிறது. நம்மவர்கள் 'தமிழ்க் கூலி' என்ற சொல்லுக்குக் கீழே நிற்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்நியர்கள் நம் பெயரை எழுதாமல் விட்டதைக் குறை சொல்லும் நாம், இன்று நம் பாட்டியின் படத்தை நாமே பெயரில்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எழுத்துக்கு வருவோம். 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றுபோன 'தமிழ் நேசன்', தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் 'சங்கமணி' ஆகியவற்றின் நறுக்குகள் இப்போது படமாக வலம் வருகின்றன. தோட்டத்து வாசகர்கள் எழுதிய கதை, கவிதை, கடிதம் எத்தனையோ அவற்றில் புதைந்து கிடக்கின்றன. பத்திரிகை நின்றுவிட்டால் உரிமையும் செத்துவிடும் என்பது தப்புக் கணக்கு. சம்பளத்துக்கு எழுதிய நிருபரின் எழுத்து முதலாளியுடையது. தானாகக் கதை அனுப்பிய பால்மரத் தொழிலாளியின் கதை அவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து ஐம்பது ஆண்டுகள் வரை பாதுகாப்பு நீடிக்கும். 1970இல் மறைந்தவரின் எழுத்து 2021 ஜனவரி 1இல் பொதுவானது. இந்தியாவில் இது அறுபது ஆண்டு, இலங்கையில் எழுபது. ஒரே கதை இங்கே பொதுவாகவும் அங்கே பூட்டியும் இருக்கலாம். புனைபெயரில் எழுதி, யார் என்று வெளிவராமலே போனவருக்கு வெளியான காலத்திலிருந்து ஐம்பது ஆண்டு. நம் எழுத்தாளர்களில் புனைபெயர் இல்லாதவர்கள் குறைவு என்பதால் இந்த விதியைத் தொகுப்பாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக் கவிதைகளை முரசு நெடுமாறன் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்று 1997இல் தொகுத்துத் தந்தது நம் அதிர்ஷ்டம். அப்படித் தொகுப்பவர்கள் வீடு வீடாகப் போகும்போது கவிஞரின் பிறந்த ஊரும் மறைந்த நாளும் உடன் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் 2015இல் 1965க்குப் பிந்தைய தமிழ் நூல்களை மின்வடிவாக்கியபோதும் எழுத்தாளர்களின் ஒப்புதலைப் பெற்றே செய்தார்கள். இலங்கையில் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' ஆவணத் திட்டமும், 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' மின்னூல் தொகுப்பும் உரிமையை மதித்தே வளர்ந்தவை. பணபலம் இல்லாத தன்னார்வலர்களால் இது முடிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தால் எழுத முடியுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சட்டமே வாசல் திறந்து வைத்திருக்கிறது. 13ஆம் பிரிவின்படி ஆராய்ச்சி, தனிப்பட்ட படிப்பு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம். தலைப்பையும் ஆசிரியரையும் குறிப்பிட வேண்டும். நோக்கம் வியாபாரமா, எவ்வளவு எடுத்தீர்கள், அசலின் சந்தை கெடுகிறதா என்பதையெல்லாம் சேர்த்தே நியாயத்தை எடைபோடுவார்கள். மேற்கோள் காட்டலாம். வகுப்பில் விளக்கத்துக்காகச் சேர்க்கலாம். நடப்பு விவகாரம் பற்றிய பத்திரிகைக் கட்டுரையை, மறுபதிப்பு உரிமையை ஆசிரியரோ பத்திரிகையோ வெளிப்படையாகத் தடுத்திருக்காவிட்டால், மூலத்தைச் சொல்லி இன்னொரு பத்திரிகை வெளியிடவும் இடம் உண்டு. செய்திக்கும் கருத்துக்கும் உரிமை கிடையாது. சொன்ன விதத்துக்கே உரிமை. கோலா சாவாவில் வெள்ளம் வந்தது என்பது எல்லாருடையது. அதை ஒருவர் எழுதிய நான்கு பத்தி அவருடையது. விளம்பரம் வாங்கி அச்சிடும் திருவிழா மலருக்கு வகுப்பறைச் சலுகை ஓடாது என்பதை மட்டும் மலர்க் குழுக்கள் மறந்துவிடக் கூடாது.

"கீழே நன்றி கூகுள் என்று போட்டுவிட்டேனே" என்பது நம்மிடையே பரவிய இன்னொரு மந்திரம். தேடித் தந்தவருக்கு நன்றி சொன்னால் உரியவரிடம் கேட்டதாகாது. உண்மையான மூலத்தைக் குறித்தாலும்கூடச் சில சமயம் போதாது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி, ஸ்பானிய மொழிப் பாடக் கட்டுரைக்காகக் கோர்டோபா நகரப் படம் ஒன்றைப் பயணத் தளத்திலிருந்து எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்பதையும் எழுதியிருந்தார். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையத்தளத்தில் ஏற்றியது. படம் எடுத்தவர் வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல், ஒரு தளத்தில் போட அவர் கொடுத்த சம்மதம் வேறொரு தளத்தில் ஏற்றுவதற்கான சம்மதம் ஆகாது என்று தீர்த்தது. இணைப்புக் கொடுத்திருந்தால் பிரச்சினை வந்திருக்காது; படி எடுத்து ஏற்றியதே பிழை. நம் தமிழ்ப்பள்ளி மலர்களும் இணையத்துக்குப் போகும் காலத்தில் ஆசிரியர்கள் இந்த வழக்கை ஒரு முறை வாசிப்பது நல்லது. இன்னொன்று ஹைத்தி. 2010 நிலநடுக்கத்தில் டேனியல் மோரெல் எடுத்து டுவிட்டரில் பகிர்ந்த படங்கள் வேறொருவர் பெயரில் செய்தி நிறுவனத்துக்குப் போய் உலகெங்கும் வெளியாயின. 2013இல் நியூயார்க் ஜூரி ஏறக்குறைய 12 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பொதுவெளியில் பகிர்ந்தார் என்பதற்காக விட்டுக்கொடுத்தார் என்று ஆகிவிடாது.

நம் மொழியில் நடந்த பெரிய கதைகள் எதிர்ப்பக்கத்தையும் காட்டுகின்றன. பாரதி 1921இல் மறைந்தார். சட்டக் கணக்கில் உரிமை 1971 வரை இருந்திருக்கும். அவர் பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்ததால், டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது தகராறு மூண்டது. மக்கள் பாடும் பாட்டுக்குத் தனிச் சொந்தக்காரரா என்ற கிளர்ச்சி எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. செட்டியார் தம்மிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் ஒப்படைத்தார். பிறகு பெரியாரின் 'குடி அரசு' எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிட முயன்றபோது, திராவிடர் கழகத்தின் கி. வீரமணி தரப்பு தடை கேட்டது. 2009 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு தடை தர மறுத்தார். பூட்டி வைப்பதற்காகவே உரிமை பேசுகிறவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு கதைகளிலும் பாரதியின் பெயரையோ பெரியாரின் பெயரையோ யாரும் அழிக்கவில்லை. எழுத்து பொதுவாயிற்று, பெயர் நிலைத்தது. பொதுவுடைமைக்கும் பெயரழிப்புக்கும் உள்ள தூரம் அது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் படங்களைப் பெயர் குறித்தால் போதும் என்ற பொது உரிமத்தில் விடலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் படமேற்றுவோர் பலர் அதைப் போன்றதைத்தான் செய்கிறார்கள். தோட்டத்துக் கோயில்களையும் பள்ளிகளையும் படம்பிடிக்கும் நம் பிள்ளைகளும் அப்படி விட்டால் எல்லாருக்கும் நல்லது.

லயத்தில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இன்னொரு விதம். அந்தப் பாட்டுக்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. ஆனால் கைப்பேசியில் பதிவு செய்தால் பதிவுக்கு ஓர் உரிமை, பாடிய பாட்டிக்கு நிகழ்த்துநர் என்ற உரிமை. பாட்டியின் குரலை எடுத்து இசை சேர்த்து வெளியிடுகிறவர்கள், பெயர் போடுவதோடு நிற்காமல் அவரையும் கேட்க வேண்டும்.

இப்போது பரவும் வண்ணமேற்றல் எனக்குக் கவலை தருகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குள் போட்டால் சேலைக்கு நிறம் வருகிறது, முகம் வழவழப்பாகிறது. பால் படிந்து கறுத்த வேலைச்சட்டை பச்சைப் பட்டாக மாறிய படத்தை நானே பார்த்தேன். எடுத்தவரின் மதிப்பைக் குலைக்கும் சிதைப்பு எது என்று நாளை நீதிமன்றம் பேசும். வரலாறு கெடுகிறது என்பதை இன்றே சொல்லலாம்.

உங்கள் படம் களவு போனால் என்ன வழி? இணையச் சேவை நிறுவனத்துக்கு முறையாக அறிவித்தால் 48 மணி நேரத்துக்குள் அதை அகற்ற வேண்டும் என்கிறது நம் சட்டம். பொய்யாக அறிவித்தால் அதுவும் குற்றம். உரிமை உங்களுடையது என்று சத்தியப் பிரமாணம் செய்து காட்டலாம். நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை சட்டப்படியான இழப்பீடு விதிக்கலாம். ஆனால் கோயில் குழுவுக்கும் பழைய மாணவருக்கும் நடுவில் வக்கீல் கடிதம் போவதை நான் விரும்பமாட்டேன். என் அத்தை உளி தீட்டுவதை நான் எடுத்த படம் ஒரு முறை ஒரு விளம்பரத்தில் பெயர் வெட்டுப்பட்டு வந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது. எடுத்தது நான், படத்தில் இருப்பது அத்தை, தோட்டம் இது என்று சொன்னேன். அடுத்த அச்சில் மூன்றும் வந்தன.

படத்துக்குள் நிற்பவரைப் பற்றி முன்பு சொன்னேன். பதிப்புரிமைச் சட்டம் அவரிடம் அனுமதி கேட்கச் சொல்வதில்லை. அந்தக் குழுப்படத்தை மறுபடி வெளியிட்டபோது புகைப்படக்காரரின் மகளிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். கம்பெனிக்கும் எழுதி வைத்தோம். கணக்குப் புத்தகத்தில் கண்ட பதினான்கு பேரில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் போனோம். இடமிருந்து நான்காவதாக நிற்கும் அம்மா செனவாங்கில் மகன் வீட்டில் இருந்தார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். யார் யார் என்று வரிசையாகச் சொன்னார். கணக்கில் தவறாக எழுதியிருந்த ஒரு பெயரையும் திருத்தினார். பிறகு, "போடுப்பா, ஆனா என் பேரு மட்டும் வேணாம்" என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. புதிய பதிப்பில் பதின்மூன்று பெயர்கள் இருக்கின்றன. நான்காவது இடத்தில் 'பெயர் வெளியிட விரும்பவில்லை' என்று அச்சிட்டோம்.